கரண்டைப் பார், அப்புறம் கார்டைப் பார்: ரங்கூன் வீட்டில் ஒரு கேமிங் பிசி

"மாமா, கார்டு பார்த்து வச்சுட்டேன். மத்ததை நீங்க எழுதிக் கொடுங்க" என்றான் அக்கா மகன். அவன் போனில் காட்டிய கிராபிக்ஸ் கார்டில் மூன்று ஃபேன் இருந்தது. செங்கல் அளவு கனம். "சரி, உங்க தெருவில் கரண்டு எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்குப் போகுது?" என்று கேட்டேன். கார்டுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்த்தான்.

சம்பந்தம் இருக்கிறது. யூடியூபில் பிசி அசெம்பிள் செய்து காட்டுகிறவர்கள் கார்டில் தொடங்கி பவர் சப்ளையில் முடிக்கிறார்கள். அவர்கள் ஊரில் பிளக்கைச் செருகினால் கரண்டு வரும், வந்துகொண்டே இருக்கும். ரங்கூனில் நாம் சுவரில் தொடங்கிக் கார்டில் முடிக்க வேண்டும். கையில் இருக்கும் காசு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. உங்கள் வீடு எத்தனை வாட்டைத் தாங்கும் என்பதே முதல் கேள்வி.

ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

பொருள் வாங்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள். ஒரு பழைய நோட்டில் கரண்டு வந்த நேரம், போன நேரம் இரண்டையும் எழுதுங்கள். ஒரு மல்டிமீட்டர் வாங்கியோ பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் கேட்டோ பகலில் ஒரு தடவை, இரவு ஏழு எட்டு மணிக்கு ஒரு தடவை வோல்டேஜ் பாருங்கள். சொல்லும் கணக்கு 230 வோல்ட். என் வீட்டில் பகலில் 225 காட்டுகிற மீட்டர், எல்லோரும் சோறு வைக்கிற நேரத்தில் 180க்குப் பக்கத்தில் நிற்கும்.

கரண்டு வரும் நொடியையும் கவனியுங்கள். தெரு முழுக்க "மீ லா பி!" (கரண்டு வந்தாச்சு!) என்று சத்தம் கேட்கும். அந்த நொடியில் எல்லா மாடியிலும் தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். வோல்டேஜ் ஒரு தாண்டு தாண்டி, ஒரு சரிவு சரிந்து, அப்புறம்தான் நிலைக்கு வரும். என் அனுபவத்தில் பிசி உயிரை விடுவது கரண்டு போகும்போது அல்ல, வரும்போதுதான். ஆகவே கரண்டு வந்து ஐந்து பத்து நிமிடம் கழித்தே பிசியைப் போடுங்கள். பிசி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில், கரண்டு திரும்பி வந்தால் என்ன செய்வது என்று கேட்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதை 'ஆஃப்' என்றே வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் தூங்கும்போது அதுவே எழுந்து உட்காரும்.

இனி பேட்டரிக் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 1,200 வாட்-அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் கையில் இருப்பது 600. இன்வர்ட்டர் தின்றது போக 500 என்று வையுங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சின்ன பிசி 100 வாட், மானிட்டர் 25, ரவுட்டர் 10. மொத்தம் 135. மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆடலாம். நடுத்தரக் கார்டு போட்ட பிசி 230 வாட் இழுத்தால் மொத்தம் 265. இரண்டு மணி நேரம்கூட முழுசாக வராது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 80 சதவீதம் வரை பயமில்லாமல் எடுக்கலாம். அதே 100 ஆம்பியர்-அவரில் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அக்கா மகன் மூன்று ஃபேன் கார்டை மறந்தான்.

யுபிஎஸ் வேறு, இன்வர்ட்டர் வேறு. கடையில் கிடைக்கும் 650 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360, 390 வாட்தான் கொடுக்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் குட்டி பேட்டரி. அதை வைத்து ஆட்டம் ஆட முடியாது. சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம் தருவதற்கு மட்டுமே அது. இன்வர்ட்டர் வாங்கினால் ப்யூர் சைன் வேவ் வாங்குங்கள், அதாவது சுவர்க் கரண்டைப் போலவே சீரான அலையாகத் தருவது. மலிவான ஸ்கொயர் வேவில் பவர் சப்ளை முனகும், சில நல்ல பவர் சப்ளைகள் கோபித்துக்கொண்டு அணைந்தே போகும். இன்வர்ட்டரில் 'யுபிஎஸ் மோடு' இருக்கிறதா என்றும் கேளுங்கள். சுவரிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் 10 மில்லி விநாடிக்குள் இருந்தால் பிசிக்குத் தெரியாது. 20ஐத் தாண்டினால் ஒவ்வொரு மின்வெட்டிலும் ரீஸ்டார்ட் ஆகும்.

என்ன விளையாட்டு, எந்தப் படி

டோட்டா 2, வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக், பழைய ஜிடிஏ இவைதான் உங்கள் ஆட்டம் என்றால் கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி என்ற பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. செட்டிங்கைக் குறைத்து 1080பி-யில் இந்த ஆட்டங்கள் ஓடும். முழு பிசியும் சுவரிலிருந்து சுமார் 100 வாட்தான் எடுக்கும். இதற்கு அண்ணன் ரைசன் 5 8600ஜி. நன்றாகவே ஓடும், ஆனால் புது ஏஎம்5 சாக்கெட் மதர்போர்டும் டிடிஆர்5 என்ற புது வகை ராமும் கேட்கும், செலவு ஏறும். நமது ஊர்க்காரருக்கு முதல் பிசியாக 5600ஜி-யைத்தான் நான் சொல்வேன். பின்னால் காசு வந்தால் அதே போர்டில் ஒரு கார்டைச் செருகிக்கொள்ளலாம்.

அடுத்த படி, போர்டின் ஸ்லாட்டிலிருந்தே கரண்டு எடுக்கும் கார்டு. ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும், அதற்குள் ஓடும் கார்டுக்குத் தனி வயர் தேவையில்லை. இந்தப் படியில் ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி, 70 வாட். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 8ஜிபி என்று இன்னொன்று உண்டு. அது 130 வாட், வேறு கார்டு. 2024ல் வந்த 6ஜிபி கார்டு அதைவிடக் கொஞ்சம் மெதுவானது, ஆனால் கரண்டு பாதிதான். கடைக்காரர் "3050தான் தம்பி" என்று சொன்னால் பெட்டியில் 6 இருக்கிறதா 8 இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். ஜிடிஎக்ஸ் 1650 பழையதாகக் கிடைத்தால் பரவாயில்லை, ஆனால் 4ஜிபி நினைவகம் இன்றைய புது ஆட்டங்களுக்குப் பற்றாது. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட் என்று ஆசை காட்டும். அது போர்டோடு பேசும் பிசிஐஇ பாதையில் நாலே லேனில் ஓடுகிறது, அந்தப் பாதை பழைய 3.0 ஆக இருக்கும் போர்டில் போட்டால் திணறும், வீடியோ ரெக்கார்ட் செய்ய என்கோடரும் இல்லை. விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி ஆர்எக்ஸ் 6600 அல்லது ஆர்டிஎக்ஸ் 4060. இரண்டும் 8ஜிபி. முதலாவது 132 வாட், இரண்டாவது 115. பகலில் கரண்டு ஒழுங்காக வருகிற வட்டாரமோ, ஜெனரேட்டர் இருக்கும் காண்டோ அடுக்குமாடியோ என்றால் இதற்குப் போகலாம். இதற்கு மேல் போகிறவர் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்.

இந்த இரண்டு படிக்கும் பிராசசர் கோர் ஐ3-12100எஃப் போதும். நாலு கோர், எட்டு த்ரெட். காசு இடம் கொடுத்தால் ரைசன் 5 5600, ஆறு கோர். இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் படமே வராது. கார்டு வாங்க இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்பவர் எஃப் வாங்கிவிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாட்டைக் குறைக்க ஒரு இலவச வழியும் உண்டு. டிரைவர் செட்டிங்கில் ஃபிரேம் அளவை 60க்குப் பூட்டுங்கள். கார்டு தேவையில்லாமல் 140, 150 என்று ஓடிக் கரண்டைத் தின்னாது. பேட்டரியில் ஆடும்போது இதை மறக்காதீர்கள்.

பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

இதில் நான் அடிபட்டவன். முதல் பிசிக்குக் கேஸோடு இலவசமாக வந்த பவர் சப்ளையைப் போட்டேன். ஸ்டிக்கரில் 600 வாட். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஒரு மழைக்கால இரவு தெருவில் "மீ லா பி" சத்தம், கூடவே என் மேஜைக்குக் கீழே 'பட்' என்று ஒரு சத்தம். எரிந்த வாசனை போக இரண்டு நாள் ஆனது. போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அதிலிருந்து பெட்டியின் பெரிய எழுத்தை நான் நம்புவதில்லை. பக்கவாட்டு லேபிளில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அதில் +12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழே ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். 600 வாட் என்று சொல்லும் பெட்டியில் 12 வோல்ட் கட்டத்தில் 25 ஆம்பியர் என்று இருந்தால் உண்மையில் 300 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். நேர்மையான 450 வாட் பெட்டியில் 36, 37 ஆம்பியர் இருக்கும். மேலே சொன்ன மூன்று படிக்கும் அந்த 450 தாராளம்.

அதே லேபிளில் இன்னொரு வரி, நம் ஊருக்கு அதுவே முக்கியம்: உள்ளே வரும் வோல்டேஜ். சிலவற்றில் 100-240 என்றிருக்கும், சிலவற்றில் 200-240. இரண்டாவது வகை, மாலையில் 180க்கு இறங்கும் வீட்டில் நின்று நின்று போகும். முதல் வகை அசையாது. விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது, கடைக்காரர்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் வைத்த பழைய பெட்டியை வாங்காதீர்கள். அதை யாராவது 115ல் தள்ளிவிட்டால் முதல் தடவை போடும்போதே வாணவேடிக்கை.

80 பிளஸ் முத்திரை என்பது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான அளவு. உள்ளே இருக்கும் சாமான் நல்லது என்ற சான்று அல்ல. இருந்தாலும் பேட்டரியில் ஓடுகிற நமக்கு அந்த அளவே காசு.

மற்ற சாமான்கள்

ராம் 16ஜிபி. ஒரே குச்சியாக வேண்டாம், இரண்டு 8ஜிபியாக வாங்குங்கள். கார்டு இல்லாத 5600ஜி-க்கு இது உயிர்நாடி. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் கடன் வாங்குகிறது, ஒரே குச்சி என்றால் வழி பாதியாகக் குறுகிவிடும். நாலு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவதில் செருகுங்கள். அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம், சொல்லாவிட்டால் 2133லோ 2400லோ நடந்துகொண்டிருக்கும்.

எஸ்எஸ்டி ஒரு டெராபைட், போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகை. பிசிஐஇ 3.0 போதும், ஆட்டத்துக்கு அதற்கு மேல் வித்தியாசம் தெரியாது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திடீர் மின்வெட்டு உள்ள வீட்டில் ஆட்டத்துக்கு வைக்காதீர்கள்.

போர்டு விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். இன்டெலுக்கு எச்610, ரைசனுக்கு பி450 அல்லது பி550. பி450 பழைய இருப்பு என்றால் 5000 வரிசைக்கு பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே பிராசசரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேஸ் முன்பக்கம் வலை போட்டதாக இருக்கட்டும். கண்ணாடி முகப்பு ஏப்ரல் வெயிலில் அடுப்பு. ஆனால் வலைக்குள் பல்லி போகும், எறும்பு குடியிருக்கும். மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். தரையில் வைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் இதை விளக்க வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்ட் சந்தையும் டாலர் விலையும்

சாமான் எல்லாம் தாய்லாந்து வழியாகவோ சீனா வழியாகவோ வருகிறது. கடைக்காரர் விலையைத் தெய்ன் கணக்கில் சொன்னாலும், அதாவது நம் லட்சத்தில், மனதுக்குள் டாலரில்தான் பெருக்குகிறார். காலையில் கேட்ட விலை மாலையில் இருக்கும் என்று எண்ணி வீட்டில் யோசிக்கப் போகாதீர்கள். பட்டியலை முடிவு செய்து, காசோடு போய், ஒரே நாளில் வாங்குங்கள். பாங்காக்கிலிருந்து சித்தப்பா கையில் கொண்டுவந்தால் மலிவு, சரி. கெட்டுப்போனால் அதே சித்தப்பாதான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இங்கே அந்த வாரண்டி செல்லாது.

பழைய கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. 2022 செப்டம்பர் 15ல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டைக் கணக்குப் போடவைத்து நாணயம் 'தோண்டும்' முறையைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஆர்எக்ஸ் 580 நம் ஊரில் நிறைய. அதிலும் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு. உண்மையான 580ல் படம் வரையும் சின்னக் கணக்குக் கூறுகள், அதாவது ஷேடர், 2304; இதில் 2048. பெயர் 580, உள்ளே 570. ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால் எண் தெரிந்துவிடும். உண்மையான 580 என்றால் 185 வாட், 2048எஸ்பி என்றாலும் 150 வாட் அளவில் தின்னும், அதனால் எனக்கு இரண்டும் வேண்டாம்.

கார்டைக் கையில் வாங்கியதும் பின்பக்கத் தகட்டையும் ஸ்க்ரூ தலையையும் பாருங்கள். துரு இருந்தால் ஈரத்தில் கிடந்தது. ஸ்க்ரூவின் பள்ளம் தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியது. ஃபேனை விரலால் மெல்லச் சுற்றுங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. அப்புறம் கார்டை முழு மூச்சில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை இருபது நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் ஒரு லப்பெயே (டீ) குடியுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வராமல் இருந்தால் பேரத்தைத் தொடங்கலாம். ஓடவிட மாட்டேன் என்கிறவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.

சீனப் போர்டில் பழைய ஜியான் சர்வர் பிராசசர், "14 கோர் தம்பி!" என்று ஒரு கூட்டம் விற்கும். இ5-2680 வி4 அது. பிராசசர் மட்டுமே 120 வாட், விண்டோஸ் 11 அதை ஆதரிக்கும் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11ல் வேலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அம்சங்கள் இரண்டும் வேண்டும். மலிவு பார்த்து வாங்கினால் கடைசியில் ஆட்டமே திறக்காது.

கோத்து முடிக்கும் நாள்

சாமானை மேலே ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. நம் மாடிகளில் பால்கனிக் கயிற்றில் கிளிப் கட்டி பேப்பர், கறி, மருந்து எல்லாம் ஏற்றுகிறோம். மதர்போர்டை ஏற்றாதீர்கள். ஏழு மாடி என்றாலும் படியேறுங்கள்.

போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து வேலையைத் தொடங்கலாம். பிராசசரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே மூலைக்கு வரவேண்டும். தானாக உட்காரும். அழுத்துவது போலத் தோன்றினால் நிறுத்துங்கள். 5600, 5600ஜி இரண்டிலும் கம்பிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. ஒன்று வளைந்தால் ஊசியும் பொறுமையும் தேவைப்படும். பின்னால் கூலரைக் கழற்ற நேர்ந்தால் நேரே இழுக்காமல் இடம் வலமாகத் திருகி எடுங்கள். இல்லையென்றால் பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும்.

கேஸில் போர்டைப் பொருத்தும் முன், போர்டின் வயர் ஓட்டைகள் வெளியே தெரியும் பின்தகட்டைச் செருகினீர்களா என்று பாருங்கள். எல்லோரும் ஒரு தடவையாவது மறப்பார்கள். பிராசசருக்கு மேல் மூலையில் தனியாக 8 பின் கரண்டு வயர் ஒன்று உண்டு. ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

போட்டுவிட்டுக் கேஸின் இரும்பைத் தொட்டால் விர்ரென்று ஒரு கூச்சம் தெரிகிறதா? பயப்பட வேண்டாம், ஆனால் விடவும் வேண்டாம். பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கசியவிடும் சொற்பக் கரண்டு எர்த் வழியாக இறங்க வேண்டும். நம் பழைய கட்டடங்கள் பலவற்றில் சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது எங்கும் போயிருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு எர்த் இழுத்துவிடுங்கள். அதற்காகும் செலவு ஒரு ராம் குச்சியைவிடக் குறைவு.

அக்கா மகன் கடைசியில் எடுத்தது ஐ3-12100எஃப், ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி. வேலை முழுவதையும் அவனே செய்தான். இரவு ஒன்பதுக்கு போன் வந்தது.

"மாமா, ஃபேன் சுத்துது, படம் வரலை."

"மானிட்டர் வயரை எங்கே செருகினே?"

"மேலே, போர்டில."

"கீழே கார்டில் செருகுடா. எஃப்ன்னு சொன்னேன்ல."

வந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி போன்.

"மாமா, போயிடுச்சு."

"படமா?"

"கரண்டு. யுபிஎஸ் கத்துது, பிசி ஓடுது, ஆனா ஒண்ணும் தெரியலை."

மானிட்டரை நேரே சுவரில் செருகியிருந்தான்.